நடுவில் நுழைந்த நேற்று மாலை

அத்தியாயம் 3

மருந்துக் கிடங்கின் மேலாளர் பேனாவை நீட்டினார். எதிரே நின்ற பெண் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"போட மாட்டேன்."

"போட்டா வேலை மட்டும்தான் போகும். போடலைன்னா போலீஸ் வரும்."

"வரட்டும். வந்தவங்களுக்கு நானே நாற்காலி போடறேன். கையெழுத்து போட மாட்டேன்."

வாசலில் நின்று இதைக் கேட்ட ஹாரனுக்கு உள்ளே போய்க் கைதட்டலாம் போல இருந்தது. அடக்கிக்கொண்டான். அவன் அசல் தொழில் வேன் ஓட்டுவது. வாய் ஓயாது என்பதால் ஸ்டாண்டில் வைத்த பெயர்தான் ஹாரன். ஐந்து வருடமாக அந்த வேனின் பின்சீட்டில் ஒரு துப்பறியும் அம்மாள் நிரந்தரமாக உட்கார்ந்திருந்ததால், அவனும் பாதித் துப்பறிவாளன் ஆகியிருந்தான்.

அந்த அம்மாள் இப்போது அவனுக்கு முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். எந்த விஷயத்தையும் 'முடிந்தது' என்று சொல்லி முற்றுப்புள்ளி வைக்க விடமாட்டாள். அதனால் அவளுக்கு அரைப்புள்ளி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"விசாரணை நாலு மணிக்குத்தானே? அதுக்குள்ள ஏன் பேனாவை நீட்டறீங்க?" என்று கேட்டபடி உள்ளே போனாள் அரைப்புள்ளி. "துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்னு உங்க கம்பெனி விதியிலயே இருக்கு. நான்தான் துணை. இவன் என் பையைத் தூக்கிட்டு வந்தவன்."

"பை கொஞ்சம் கனம் சார்," என்றான் ஹாரன்.

மேலாளர் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு வெள்ளைச் சட்டை, வாரி ஒட்டிய தலை, மேஜையில் கோடு போட்டதுபோல் அடுக்கிய காகிதங்கள். "தாராளமா. நாலு மணிக்கு முதலாளியம்மா வருவாங்க. அதுவரைக்கும் சுத்திப் பாருங்க. ஒண்ணும் கிடைக்காது."

மூவரும் வெளியே வந்தார்கள்.

அந்தப் பெண்ணைக் கிடங்கில் எல்லோரும் டிகிரி என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பட்டம் எதுவும் கிடையாது. பதினோரு வருடமாகக் குளிரறையைக் காவல் காத்து, வெப்பத்தை இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கவும் எட்டுக்கு மேலே ஏறவும் விடாமல் வைத்திருந்ததால் வந்த பட்டம் அது. அவள் வீட்டுக்காரரும் ஹாரனும் ஒரே ஸ்டாண்டில் வண்டி ஓட்டியவர்கள். காலையில் அந்த மனுஷன் போனில் அழாத குறையாகச் சொன்ன விஷயம்தான் இவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

விஷயம் இதுதான். இன்று காலை டிகிரி வந்து பார்த்தபோது குளிரறைக் கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. உள்ளே பதினெட்டு டிகிரி. நானூறு பெட்டி இன்சுலின் வீண். நோயாளிகளுக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்து. அவள் அலறிக்கொண்டு மேலாளரிடம் ஓடினால், அவர் மேஜையில் ஏற்கெனவே ஒரு கடிதம் இருந்தது. டைப் செய்த ஆங்கிலக் கடிதம். கீழே அவள் கையெழுத்து. அந்தக் கடிதம் தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொள்ளும் இன்னொரு தாளில் கையெழுத்து கேட்டுத்தான் மேலாளர் பேனாவை நீட்டியது.

"கடிதத்தைக் குடுங்க," என்றாள் அரைப்புள்ளி.

டிகிரி ஜெராக்ஸை நீட்டினாள். அசல் மேலாளரிடம் இருந்தது. ஹாரன் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"ஐ மஸ்ட் ஹேவ் எஸ்டர்டே ஈவினிங் ஃபர்காட்டன் டு லாக் தி கோல்டு ரூம். ஐ கேன் நெவர் ஃபர்கிவ் மைசெல்ஃப். அதாவது, நேத்து சாயங்காலம் குளிரறையைப் பூட்ட மறந்திருக்கணும், என்னை நானே மன்னிக்கவே முடியாது. ஐயோ, படிக்கும்போதே கண்ணு கலங்குது. எழுதினவன் நல்லா இருக்க மாட்டான்."

"கையெழுத்து உங்களுதா?" அரைப்புள்ளி கேட்டாள்.

"என்னுது மாதிரியேதான் இருக்கு. அதான் பயமா இருக்கு. ஆனா இதுல நான் போடலை. நேத்து ஆறு மணிக்குப் பூட்டிட்டு, ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் போனேன்."

"சாவி?"

"ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு மேலாளர் டிராயர்ல. அந்தச் சாவி டிராயரை விட்டு நகரவே இல்லைன்னு சாதிக்கறார்."

அரைப்புள்ளி கடிதத்தை மறுபடி படித்தாள். முதல் வரியில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். பிறகு, பல்லில் கல் கடித்தவள் போல முகம் சுளித்தாள். ஹாரனுக்கு அந்தச் சுளிப்பு தெரியும். அது வந்துவிட்டால் கேஸ் நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"உங்க குளிரறை ரிஜிஸ்டரைக் கொண்டுவாங்க," என்றாள்.

ரிஜிஸ்டர் தடியாக இருந்தது. குளிரறை வாசலில் நின்றுகொண்டே அரைப்புள்ளி பக்கம் பக்கமாகப் புரட்டினாள். டிகிரியின் கையெழுத்து வட்ட வட்டமாக, எறும்பு ஊர்ந்த மாதிரி ஓடியது.

"இதைப் படி ஹாரன்."

"டோர் கேஸ்கெட் மஸ்ட் பி சேஞ்ச்டு டுமாரோ. கதவு ரப்பரை நாளைக்கு மாத்தணும். அடுத்தது, கம்ப்ரெஸர் மே ஸ்டாப் எனி டைம் திஸ் வீக். கம்ப்ரெஸர் இந்த வாரம் எப்ப வேணா நின்னுடலாம். ஏன்க்கா, நேத்து ராசிபலனா இது?"

"டுமாரோ எங்கே இருக்கு? திஸ் வீக் எங்கே இருக்கு?"

"கடைசியில."

"பதினோரு வருஷமும் கடைசியிலதான். ஏன்னு தெரியுமா? இந்த ரிஜிஸ்டர்ல நேரத்துக்கான கட்டம் வலது ஓரத்துல இருக்கு. இவங்களுக்கு நேரம்னாலே வரியோட வால்ல வர்ற விஷயம். கை பழகிடுச்சு."

டிகிரி தலையாட்டினாள். "ஆமா. நான் இங்கிலீஷ் கத்துக்கிட்டதே இந்த ரிஜிஸ்டர்லதான். வேற எப்படி எழுதணும்னு தெரியாது."

"இப்போ கடிதத்தைப் பாரு. மஸ்ட் ஹேவ்னு ஆரம்பிச்ச உடனே, நேத்து சாயங்காலம் நடுவுல வந்து குந்திக்குது. ஃபர்காட்டனை அந்தப் பக்கம் தள்ளிடுச்சு."

"அது தப்பாக்கா?"

"நீ வேன் ஓட்டறவன், உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். வில், மஸ்ட், மே, கேன் இதெல்லாம் டிரைவர். முக்கியமான வினை பக்கத்து சீட்டு ஆள். நடுவுல இருக்கற சந்துல நெவர், ஆல்வேஸ், ஆல்ரெடி மாதிரி ஒல்லியான ஆளுங்க நுழைஞ்சுக்கலாம். கேன் நெவர் ஃபர்கிவ், அது சரி. ஆனா நேத்து சாயங்காலம், நாளைக்குக் காலையில, தினமும் ஆறு மணிக்குன்னு மூட்டை முடிச்சோட வர்றவங்க பின்சீட்டுக்குத்தான் போகணும்."

"நடுவுல உட்கார்ந்தா கியர் போட முடியாது."

"அதேதான். இந்தக் கடிதத்துல ஒருத்தன் கியர் போட முடியாம வண்டி ஓட்டியிருக்கான். ஒல்லி ஆளுக்கு இருக்கற சலுகையை மூட்டைக்காரனுக்கும் குடுத்துட்டான். இது அவசரத்துல வந்த பிழை இல்லை. பழக்கம். அந்தப் பழக்கம் வேற எங்கேயாவது எச்சில் துப்பியிருக்கும். தேடு."

தேடுவதற்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கிடங்கின் சுவரெல்லாம் அறிவிப்புகள். வாசல் பக்கம் ஒன்று: யூ மஸ்ட் எவ்ரி ஈவினிங் ஷோ யுவர் பேக். தினமும் சாயங்காலம் பையைக் காட்ட வேண்டும். கை கழுவும் இடத்தில் இன்னொன்று: யூ ஷுட் ஆஃப்டர் யூஸ் குளோஸ் தி டேப். கழுவிய பிறகு குழாயை மூட வேண்டும். சாப்பாட்டு அறையில் ஒன்று: வொர்க்கர்ஸ் மே ஃப்ரம் ஒன் டு ஒன் தர்ட்டி ஈட். தொழிலாளர்கள் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை சாப்பிடலாம்.

ஹாரன் அந்த மூன்றாவதை உற்றுப் பார்த்தான். "ஈட்டுக்கு முன்னாடி இவ்வளவு நேரம் குறுக்க நின்னா, மனுஷன் எப்பத்தான் சாப்பிடறது?"

அரைப்புள்ளி சிரிக்கவில்லை. அறிவிப்புகளின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றிலும் ஒரே கையெழுத்து.

"இது யாரோடது?"

"மாப்பிள்ளையோடது," என்றாள் டிகிரி. குரல் தாழ்ந்தது. "முதலாளியம்மாவோட மருமகன். ஸ்டோர் அவர் பொறுப்புலதான் இருக்கு."

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அவள் வீட்டுக்காரர். போனை எட்டப் பிடித்தாலும் கேட்கிற அளவுக்குக் கத்தினார். "நான் யோசிச்சுப் பார்த்தேன். பெரிய இடத்தோட மோதாதே. கையெழுத்து போட்டுட்டு வந்துடு. வேற வேலை பார்த்துக்கலாம்."

"வேற வேலைக்குப் போனா, அங்கே ஏன் வெளிய வந்தேன்னு கேட்பாங்கல்ல? நானூறு பெட்டி மருந்தைக் கெடுத்தவள்னு சொல்லவா? நம்ம பொண்ணு ஸ்கூல்ல கேட்டா என்ன சொல்லுவா? போனை வைங்க. சாயங்காலம் வரேன். தலை நிமிர்ந்து வருவேன், இல்லைன்னா போலீஸ் வண்டியில வருவேன். குனிஞ்சுக்கிட்டு வர மாட்டேன்."

போனை அவளே வைத்துவிட்டாள். ஹாரன் ஸ்டாண்டில் அந்த மனுஷனோடு எத்தனையோ முறை வம்பளந்திருக்கிறான். வீட்டில் இப்படி ஒரு இன்ஜின் இருக்கிறது என்று அந்த ஆள் ஒருநாளும் சொன்னதில்லை.

மாப்பிள்ளை ஸ்டோர் அறையில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். முப்பது வயது, சாதுவான முகம். அரைப்புள்ளி சுற்றி வளைக்கவில்லை. கடிதத்தையும், சுவரிலிருந்து கழற்றிக்கொண்டுவந்த அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டும் ஒரே ஆள் எழுதினது. அறிவிப்புல உங்க கையெழுத்து இருக்கு. என்ன சொல்றீங்க?"

மாப்பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு ஹாரன் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். சிரித்தார். அழுகைக்குப் பக்கத்தில் நிற்கிற சிரிப்பு.

"கையெழுத்து என்னுது. வரி என்னுது இல்லை. நான் வெளியூர்ல ஆறு வருஷம் இங்கிலீஷ்ல படிச்சவன்மா. 'யூ மஸ்ட் ஷோ யுவர் பேக் எவ்ரி ஈவினிங்'னுதான் எழுதிக் குடுத்தேன். மேலாளர் சிவப்பு மையில அடிச்சுத் திருத்தி, டைப் பண்ணி, கையெழுத்து மட்டும் போடச் சொன்னார். இந்தக் கிடங்குல ஒரு துண்டுச் சீட்டு கூட அவர் பேனா படாம வெளிய போகாது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, ஒரு எவ்ரி ஈவினிங்குக்காகச் சண்டை போட முடியுமா?"

"அவர் சிவப்பு மையில திருத்தின தாள் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"கிழிச்சுப் போட்டுடுவார். அவர் மேஜையில கசங்கின காகிதம் ஒண்ணு பார்க்க முடியாது."

"விசாரணையில இதைச் சொல்லுவீங்களா?"

மாப்பிள்ளை வாசலைப் பார்த்தார். மறுபடி பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார். பதினேழில் விட்டவர், ஒன்றிலிருந்து எண்ணினார்.

வெளியே வந்ததும் ஹாரன் பொருமினான். "போச்சுக்கா. விசாரிக்கற நாற்காலியில உட்காரப் போறவனே திருடன். சாட்சி சொல்ல வேண்டிய ஆள் ஸ்டோர்ல எண் கத்துக்கிட்டிருக்கான். கையில ஒரு தாள் கிடையாது. இப்போ என்ன பண்ணப் போறோம்?"

அரைப்புள்ளி டிகிரியைத்தான் பார்த்தாள். "உள்ளே போனதும் உங்க பதிலை எழுதிக் கேட்பாங்க. இங்கிலீஷ்லயே எழுதுங்க. ரிஜிஸ்டர்ல எழுதற மாதிரி, உங்க பழக்கத்துல, மனசுல இருக்கறதை ஒரே வரியில. எழுதி அவர் கையில குடுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றான் ஹாரன்.

"அவ்வளவுதான்."

நாலு மணி. நீளமான மேஜை. நடுவில் முதலாளியம்மா, பருத்திப் புடவையும் களைத்த கண்களுமாக. வலப்பக்கம் மேலாளர். ஓரத்தில் மாப்பிள்ளை, தன் விரல் நகங்களை ஆராய்ந்தபடி.

அரைப்புள்ளி ரிஜிஸ்டரை விரித்தாள், அறிவிப்பைக் காட்டினாள், வரிசைப் பிசகை விளக்கினாள். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு முதலாளியம்மா பக்கம் திரும்பினார்.

"மேடம், நம்ம மொழியில நேரம் முன்னாடிதான் வரும். 'நேத்து சாயங்காலம் பூட்ட மறந்துட்டேன்'னுதான் எல்லாரும் சொல்லுவோம். பதட்டத்துல எழுதும்போது இந்தம்மா அதையே இங்கிலீஷ்ல போட்டிருக்கா. அறிவிப்பு மாப்பிள்ளை கையெழுத்துல இருக்கு. அப்போ குத்தவாளி அவரா? வீட்டு மனுஷனை இழுக்கறதுக்கா இவங்க வந்திருக்காங்க?"

முதலாளியம்மாவின் முகம் இறுகியது. மாப்பிள்ளையின் தலை இன்னும் குனிந்தது. மேலாளர் ஒரே வீச்சில் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டார்.

"கடைசி வாய்ப்பு," என்று தாளை நகர்த்தினார் மேலாளர். "கடிதம் என்னுதுதான்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போடு. மாட்டேன்னா, கீழே பதில்னு இருக்கற இடத்துல காரணத்தை எழுது."

டிகிரி பேனாவை வாங்கினாள். நிதானமாக ஒரு வரி எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்தாள்.

"ஐ வில் நாட் சைன் திஸ் பேப்பர் டுடே ஆர் டுமாரோ." பிறகு எல்லோருக்கும் புரியட்டும் என்று மறுபடி சொன்னாள். "இன்னிக்கும் போட மாட்டேன். நாளைக்கும் போட மாட்டேன்."

தாள் மேலாளர் கைக்குப் போனது. அவர் படித்தார். உதட்டோரம் ஒரு இளக்காரம்.

"பாருங்க மேடம். பதினோரு வருஷமா இங்கிலீஷ்ல ரிஜிஸ்டர் எழுதறா. திமிரைக் கூட ஒழுங்கா எழுதத் தெரியலை."

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சிவப்புப் பேனா வந்தது. வரியின் கடைசியில் இருந்த இரண்டு நாட்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அங்கிருந்து ஒரு அம்புக்குறியை இழுத்துக்கொண்டு வந்து, வில் நாட்டுக்கும் சைனுக்கும் நடுவில் குத்தினார்.

"ஐ வில் நாட் டுடே ஆர் டுமாரோ சைன் திஸ் பேப்பர். இதுதான் சரி. வில் வந்தா அடுத்தது காலம். என் வாத்தியார் தலையில குட்டிச் சொல்லிக் குடுத்தது."

அரைப்புள்ளி எழுந்து, அந்தத் தாளை அவர் விரல்களிலிருந்து மெதுவாக உருவினாள். கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்து, முதலாளியம்மாவின் முன்னால் தள்ளினாள்.

"உங்க வாத்தியார் சொல்லிக் குடுத்தது நெவருக்கும் ஆல்வேஸுக்கும். பாதிதான் தலைக்குள்ள இறங்கியிருக்கு. இந்தம்மா தானா எழுதினா நேரம் கடைசிக்குப் போகுது. நீங்க தொட்டா நடுவுக்கு வருது. கடிதத்துல எங்கே இருக்குன்னு நீங்களே படிங்க சார்."

மேலாளர் சிவப்புப் பேனாவை அவசரமாக மூடினார்.

அப்போதுதான் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. மாப்பிள்ளை எழுந்து நின்றிருந்தார். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "அத்தை, என் அறிவிப்பையெல்லாம் இவர் இப்படித்தான் திருத்துவார். மூணு வருஷமா. நான்தான் வாயைத் திறக்கலை."

முதலாளியம்மா கடிதத்தைப் பார்த்தார், அம்புக்குறியைப் பார்த்தார், கடைசியில் மேலாளரைப் பார்த்தார். "நேத்து ஏழு மணிக்கு மருந்து வாங்கற கம்பெனியிலிருந்து ரெண்டு பேர் வந்தாங்களே. கிடங்கைச் சுத்திக் காட்டிட்டேன்னு போன்ல சொன்னீங்க. குளிரறை ரொம்ப நல்லா இருக்குன்னு அவங்க பாராட்டினதாகவும் சொன்னீங்க. ஆறு மணிக்குப் பூட்டின அறையை அவங்க எப்படிப் பார்த்தாங்க?"

டிராயரை விட்டு நகராத சாவி நகர்ந்துவிட்டது. மேலாளர் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியை ஒற்றினார். அவசரத்தில் கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது, காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது என்று முணுமுணுத்தார்.

"நெத்தியை நல்லாத் துடைங்க சார்," என்றான் ஹாரன். "உள்ள பதினெட்டு டிகிரியைத் தாண்டிடுச்சு போல."

அரைப்புள்ளி இன்னும் உட்காரவில்லை. அசல் கடிதத்தை இப்போதுதான் முதல்முறையாகக் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள், மோந்து பார்த்தாள். "எழுத்து இன்னிக்கு டைப் பண்ணினது. ஆனா தாளோட ஓரம் பழுத்துப்போய் இருக்கு. பத்துப் பதினோரு வருஷத் தாள். கையெழுத்து அன்னிக்கே விழுந்திருக்கு. அந்த இரும்பு அலமாரியைத் திறங்க."

மாப்பிள்ளைதான் திறந்தார். ஒரு தடித்த ஃபைல். உள்ளே வெற்றுத் தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தொழிலாளியின் கையெழுத்து, மேலே ஒரு எழுத்தும் இல்லை. டிகிரி வேலைக்குச் சேர்ந்த நாளை நினைவுபடுத்திப் பார்த்தாள். ஒரு கட்டுக் காகிதம், இங்கே போடு, இங்கே போடு என்ற விரல், எதையும் படிக்க நேரம் தராத அவசரம். அவள் பெயரில் இன்னும் இரண்டு தாள்கள் மிச்சம் இருந்தன.

முதலாளியம்மா தொண்டையைச் செருமினார். "இது எனக்கே தெரியாதும்மா. உன் வேலை உனக்குத்தான். இவரை நான் பார்த்துக்கறேன். விஷயம் நம்ம கிடங்கோட இருக்கட்டும், வெளிய வேண்டாம்."

"நானூறு பெட்டி மருந்து வெளிய இருக்கறவங்களுதும்மா," என்றாள் டிகிரி.

அவள் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. பேக்கிங் ஹாலுக்குள் நடந்து போய் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். முப்பத்தாறு பேர் ஒட்டுகிற டேப்பையும் கத்திரியையும் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். தங்கள் பெயருள்ள தாளை வாங்கினார்கள். சிலர் கிழித்தார்கள். ஒரு பெண் நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

தன் தாளில் ஒன்றை டிகிரி கிழித்தாள். இன்னொன்றைப் பேக்கிங் மேஜையில் விரித்து, ஹாரனிடம் கையை நீட்டினாள்.

"பேனா இருக்கா?"

"இருக்கு. என்ன எழுதப் போறீங்க?"

"போலீஸுக்குப் புகார். கையெழுத்து ஏற்கெனவே கீழே இருக்கு." அவள் தாளின் உச்சியில் பேனாவை வைத்தாள். "மேலே இருக்கற இடம் என்னுது."

முப்பத்தாறு பேரும் சுற்றி நிற்க, அவள் எழுத ஆரம்பித்தாள்.